கடலுக்கு வைத்த சண்டை

சங்குமுனையில் திமிங்கிலங்கள் சண்டைக்குத்தான் வரும். முதல் மழைக்குத் தவளை வருவதுபோல, விளக்குக்கு ஈசல் வருவதுபோல, இரண்டு பேர் மனமாரச் சண்டை பிடிக்கும் வள்ளத்தைத் தேடி அவை ஆழத்திலிருந்து எழும்பி வந்து, துடுப்பெட்டும் தூரத்தில் நின்று, கடைசிச் சொல்வரை கேட்டுவிட்டுப் போகும். ஏன் வருகின்றன என்று கண்டுபிடிக்க ஒரு முறை நகரத்திலிருந்து நான்கு பேர் தண்ணீருக்கு அடியில் வைக்கும் ஒலிவாங்கிகளோடு வந்தார்கள். நால்வரும் ஒருவரையொருவர் மிகவும் மதித்து நடந்ததால் ஒன்றையும் காணாமல் திரும்பிப் போனார்கள். அதற்குப் பிறகு ஊர் காரணம் கேட்பதை விட்டுவிட்டது. சோளகக் காற்று ஏன் ஆடியில் அடிக்கிறது என்று கேட்காமலே பாய் கட்டப் பழகியவர்களுக்கு இதுவும் அப்படி ஒன்றுதான்.

முதன்முதலில் வந்தது கணபதிப்பிள்ளையின் மகன்மார் இரண்டு பேருக்கு. பதினொரு வருசத்துக்கு முன், ஒரு பங்குனிக் காலையில், அண்ணனும் தம்பியும் வலை இழுக்கப் போன இடத்தில் வேலிக்கதை தொடங்கி, எல்லைக் கதியால் கம்பு ஒரு முழம் யார் பக்கம் தள்ளி நடப்பட்டது என்பதில் சூடாகி, செத்துப்போன தகப்பனையும் இழுத்து, வலையைக் கைவிட்டு எழும்பி நின்று கத்தியபோது, பக்கத்தில் கடல் கறுத்து, உயர்ந்து, ஒரு பெருமூச்சு விட்டது. அவர்கள் சண்டையை நிறுத்தவில்லை என்பதுதான் அதில் விசேசம். மூச்சுத் தண்ணீரில் தலை நனைய நனைய, "சாட்சிக்கு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தனியோ?" என்று அண்ணன் கேட்டார். "உன்ட ஆள்தான் இது, வயித்தைப் பார்" என்றார் தம்பி. மறுநாளும் அதே சண்டைக்கு அதே திமிங்கிலம் வந்தது. மூன்றாம் நாள் ஊரே பார்க்கப் போனது.

பிறகு என்ன, ஊர் அதைப் பழகிக்கொண்டது. வேலிச் சண்டைக்கு நீலத் திமிங்கிலம் வரும், புருசன் பெண்சாதிச் சண்டைக்கு மொட்டைத்தலைத் திமிங்கிலம் வரும், மாமி மருமகள் சண்டை என்றால் குட்டியோடு வரும், கிரிக்கெட்டுக்குச் சண்டை பிடித்தால் ஓங்கில் எனும் டொல்பின்களுக்கு மேல் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது என்று படகுச் சங்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடமானது. பொய்ச் சண்டை எடுபடவில்லை. நாடகம் நடிக்கிற பிள்ளைகள் ஆறு பேரை ஏற்றிக்கொண்டுபோய் நாலு மணித்தியாலம் கத்தவிட்டும் ஒரு பறவை மீன்கூடத் துள்ளவில்லை. கலியாணம் முடித்த கையோடு வந்த வெள்ளைக்காரச் சோடியொன்று மூன்று நாள் ஒன்றையுமே காணாமல், நாலாம் நாள் இந்த ஊருக்கு வரலாம் என்று முதலில் சொன்னது யார் என்று தொடங்க, இரண்டு திமிங்கிலங்கள் ஒன்றாக எழும்பின. அவர்கள் பார்க்கவேயில்லை, அவ்வளவு கோபம். இறங்குதுறையில் சங்கம் ஒரு பலகை நட்டது. உயிர்காப்பு அங்கி கட்டாயம். பிளாஸ்டிக் போத்தல் எறியக் கூடாது. வள்ளத்தின் ஒரே பக்கத்தில் எல்லாரும் நிற்கக் கூடாது. கடைசியாக, சிவப்பு எழுத்தில்: கரைக்குத் திரும்பும்வரை யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கக் கூடாது. ஏனென்றால் அந்தச் சொல் விழுந்த உடனே திமிங்கிலம் இறங்கிவிடும், அதைப் பதினொரு வருசமும் ஊர் பார்த்திருக்கிறது.

இதனால் கரையில் ஒரு பழக்கம் வந்தது, அந்தப் பழக்கத்தில்தான் பிழை இருக்கிறது. சந்தியில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போகிறவர்கள், "இஞ்ச கொட்டாதேங்கோ, கடலுக்கு வையுங்கோ" என்பார்கள். அடுப்படியில் மாமியார் வாயைத் திறந்தால் மருமகள் நாள்காட்டியைப் பார்ப்பாள். திமிங்கிலப் பருவம் தொடங்கப் பங்குனி வரவேண்டும். ஐப்பசியில் வந்த கோபம் ஐந்து மாதம் மூடிவைத்த பானையில் இருக்கும். வெளியூரிலிருந்து வந்தவர்கள், "என்ன ஒரு அமைதியான ஊர், நாய்கூடக் குரைக்கவில்லை" என்று புகழ்ந்துவிட்டுப் போனார்கள். கணபதிப்பிள்ளையின் மகன்மாருக்கு இப்போது நரைத்துவிட்டது, வேலிக் கதியாலும் உக்கிப்போனது, ஆனாலும் சமாதானம் பேச வந்தவர்களைச் சங்கம் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பியது. ஊருக்கு நல்ல வேலிச் சண்டை அது ஒன்றுதான் இருந்தது.

இந்த ஊரில்தான் வாகினி வளர்ந்தாள். பிறந்ததிலிருந்தே எதிர்ப் பேச்சு. பதினாலு வயதிலிருந்து ஒவ்வொரு பருவமும் தாய்மாமன் கிருபைராசாவின் திமிங்கிலம் காட்டும் வள்ளத்தில் அவள்தான் சண்டைக்கு ஆள். தேரின் வடத்தைப் பெண்பிள்ளைகள் ஏன் பிடிக்கக் கூடாது என்று அவள் தொடங்க, ஏன் கூடாது என்று மாமா விளக்க, கால் மணித்தியாலத்துக்குள் கடல் கறுக்கும். நடிக்கத் தேவையில்லை. கிருபைராசாவிடம் மனதார நம்புகிற பிழையான கருத்துகள் ஒரு பருவத்துக்குப் போதுமான அளவுக்கு இருந்தன. வெல்லாமல் வாகினி கரைக்குத் திரும்பியதில்லை. வெற்றி என்பது திமிங்கிலம் வருவது என்று ஒரு வயதில் அவளுக்குப் பதிந்துவிட்டது, அது அவள் குற்றம் மட்டுமில்லை.

அப்படிப்பட்டவள் பிடிக்காமல் வைத்திருந்த சண்டை ஒன்றே ஒன்றுதான். அது ஜெயசுதாவோடு.

ஜெயசுதா பல்கலைக்கழக விடுதியில் அவளுடைய அறைத்தோழி. நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைவீட்டிலிருந்து வந்தவள், குரல் உயர்த்தத் தெரியாதவள், வாகினியின் அடங்காத தலைமயிரைத் தினமும் காலையில் பின்னி, இரவில் அவிழ்த்துவிடுவாள். அவிழ்க்கும்போதுதான் இருவரும் கதைப்பார்கள். இரண்டாம் வருசத்தில், பெண்கள் விடுதி வாசலை ஆறு மணிக்குப் பூட்டுவதற்கு எதிராக வாகினி ஒரு கோரிக்கை எழுதினாள். ஆண்கள் விடுதிக்குப் பூட்டே கிடையாது, பூட்டு என்று ஒன்றை வாங்கினார்களா என்பதே சந்தேகம். நானூறு பேர் கையெழுத்து வைத்தார்கள். முதல் பெயர் ஜெயசுதா. மூன்றாம் நாள் ஜெயசுதா போய்த் தன் பெயரைத் தானே வெட்டிவிட்டாள். நீல மையில் ஒரே ஒரு கோடு. வாகினி அந்தக் கோட்டைப் பார்த்தாள், நெஞ்சு பற்றி எரிந்தது, வாயைத் திறந்தாள், மூடினாள். ஊர்ப் பழக்கம். இவள் பங்குனியில் எங்கள் ஊருக்கு வருவாள், அப்போது கடலில் வைத்துக் கேட்கலாம், எவ்வளவு பெரிய திமிங்கிலம் வரும் என்று மனதில் ஒரு மூலையில் கணக்குக்கூடப் போட்டாள். அந்தத் தவணை முடிய ஜெயசுதா படிப்பை விட்டுவிட்டுப் பெட்டியோடு வாசலில் நின்றபோது, "கவனமாப் போயிட்டு வா" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இரண்டு வருசம், பிறந்த நாளுக்கு வாழ்த்து, தீபாவளிக்கு வாழ்த்து, அவ்வளவுதான்.

இந்தச் சித்திரையில் ஜெயசுதாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "வாகினி, நான் இப்ப தோட்டத்துல சின்னப் புள்ளைகளைப் பாத்துக்குற புள்ளக் காம்பராவுல டீச்சரா இருக்கேன். திமிங்கிலம் பத்திப் பாடம் சொன்னேன்டி. முப்பத்திரண்டு புள்ளைகள்ல ஒருத்தரும் நம்பல்ல. நாலு வீட்டுக் காம்பராவை ஒண்ணாச் சேர்த்த நீளம்னு சொன்னேன். அப்ப அது எங்க டீச்சர் படுக்கும்னு ஒருத்தி கேக்குறா. நேர்ல பாத்துட்டு வந்து சொல்றேன்னு சொல்லிட்டேன். ஒருநாள் வரட்டுமா?"

வந்தாள். காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள், மாலை ஆறரைக்குத் திரும்பும் பஸ். கொஞ்சம் மெலிந்திருந்தாள். கையில் பேப்பரில் சுற்றிய தேயிலைத்தூள், வாகினியின் அம்மாவுக்கு. "எப்படி இருக்கிறாய்?" "நல்லா இருக்கேன். நீ?" "நானும் நல்லா இருக்கிறன்." இறங்குதுறையில் வாகினி அவளுக்கு உயிர்காப்பு அங்கியை மாட்டி முடிச்சுப் போட்டாள். "இறுக்குதா?" "இல்ல, பரவால்ல." பலகையின் நாலாவது விதியை ஜெயசுதா இரண்டு தரம் வாசித்தாள்.

வள்ளம் வெளிக்கடலுக்கு வந்து ஒன்றரை மணித்தியாலம் ஆயிற்று. கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது.

"பயணம் சுகமா இருந்ததோ?" என்றாள் வாகினி.

"சுகமா இருந்துச்சு. மலை இறங்குறப்ப மட்டும் கொஞ்சம் தலை சுத்துச்சு."

"பிளேன்டீ வேணுமோ? பிளாஸ்கில இருக்கு."

"நீ குடி மொதல்ல."

"இல்ல, நீ குடி."

என்ஜின் பக்கத்தில் இருந்த கிருபைராசா தொப்பியைக் கழற்றி முழங்காலில் அடித்தார். "சம்பந்தம் பேச வந்த ஆக்கள் மாதிரிக் கதைக்கிறீங்களடி! மருமகள், நீ உன்ட வாயைக் கரையில வச்சிட்டா வந்தனீ? தங்கச்சி, நீயாவது இவளை ரெண்டு பேச்சுப் பேசு. இவளைப் பாத்தா ஆருக்கும் கோவம் வரும், எனக்குப் பாக்காமலே வரும்."

"பரவாயில்லங்க மாமா, காத்து நல்லா இருக்குங்க" என்றாள் ஜெயசுதா.

"காத்தைப் பாக்கவா ஆறு மணித்தியாலம் பஸ்ஸில வந்தனீ?"

வாகினிக்கு வியர்த்தது. இரண்டு வருசம் மூடிவைத்த பானை இதோ மடியில் இருக்கிறது, மூடியைத் தூக்கினால் போதும், தோழிக்குத் திமிங்கிலம் கிடைக்கும், முப்பத்திரண்டு பிள்ளைகளுக்கும் பதில் கிடைக்கும். ஆனால் ஆறரைக்குப் பஸ். மூடியைத் தூக்கி அது உண்மையான சண்டையாகிவிட்டால் இந்தப் பிள்ளை பஸ் ஏறிப் போய் இனி வாழ்த்துக்கூட அனுப்பமாட்டாள். திமிங்கிலம் போனால் திரும்பி வரும். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சண்டைக்குப் பயந்தாள், பயந்து, ஒரு சின்னச் சண்டையாகத் தேடினாள்.

"உங்கட ஆக்கள் தேத்தண்ணிக்கு இவ்வளவு சீனி போடுறது பிழையெண்டு நான் அப்பவே சொன்னனான்."

"ஆமாடி, பிழைதான்."

ஒரு நுரைகூட எழும்பவில்லை.

"சரி" என்றார் கிருபைராசா. "நான் திருப்பப்போறன்." என்ஜின் கயிற்றில் கை வைத்தார்.

அப்போதுதான் ஜெயசுதா, கையிலிருந்த பிளாஸ்க் மூடியை மெல்ல மூடிக்கொண்டே, பாடம் கேட்கிற குரலில், "வாகினி, ஏன் எம்பேர மொதல்ல போட்ட?" என்று கேட்டாள்.

கடல் கறுத்தது.

சத்தம் போட்ட சண்டைகளுக்கு வருகிறபோது அவை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வரும். இது அப்படி வரவில்லை. வள்ளத்துக்கு அடியிலிருந்து ஒரு தெரு எழும்புவதுபோல, முன்னணியத்துக்கு முன்னாலும் பின்னணியத்துக்குப் பின்னாலும் நீண்டுகொண்டே, சத்தமில்லாமல் எழும்பிப் பக்கத்தில் படுத்தது. சங்குமுனை அவ்வளவு பெரியதைக் கண்டதில்லை. கிருபைராசா கயிற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"ஏன் வெட்டினாய் எண்டு நானல்லவா கேக்கவேணும்?" என்றாள் வாகினி.

"கேட்டிருக்கலாமே. ரெண்டு வருஷம் இருந்துச்சே." ஜெயசுதா திமிங்கிலத்தைப் பார்க்கவில்லை, இவளையே பார்த்தாள். "ரெண்டாம் நாளு விடுதி ஆபீசுல என்னைய மட்டும் உள்ளுக்குக் கூப்பிட்டாங்க. மொத பேரு என்னோடதுதானே. மேசையைச் சுத்தி அஞ்சு பேரு. நீங்க நானூறு பேரும் வெளியில பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தீங்க, எனக்கு உள்ளுக்குக் கேட்டுச்சு, நீதான் சத்தமாப் பாடுன. எங்கம்மாவுக்கு ஃபோன் போட்டாங்க. கொழுந்து எடுத்துக்கிட்டு நின்ன எடத்துல, கங்காணியோட ஃபோன்ல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வச்சாங்க. அம்மா, 'ஐயா, தெரியாமப் பண்ணிட்டா, மன்னிச்சிருங்க ஐயா'ன்னு சொன்னா. நான் என்னா பண்ணுனேன்னே அவளுக்குத் தெரியாது. கும்பிட்டுக்கிட்டே சொன்னா. ஃபோன்ல கும்பிட்டா தெரியாதுதான். எனக்குத் தெரிஞ்சுச்சு."

திமிங்கிலம் ஒரு மூச்சு விட்டது. சின்ன மூச்சு, அடக்கியது போல.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே, சுதா."

"வந்து கேப்பன்னு இருந்தேன். எங்க ஊர்ல கோவம்னா அன்னைக்கே வாசல்ல நின்னு கத்திருவாங்கடி, லயம் பூராவும் கேக்கும், அப்புறம் ராத்திரிக்குக் கறி குடுத்து அனுப்புவாங்க. கத்தலேன்னா, நீ அவங்களுக்குச் செத்துப்போயிட்டேன்னு அர்த்தம். நீ வாசல்ல நின்னு கவனமாப் போயிட்டு வான்னு சொன்ன. சரி, நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கடலுக்கு வச்சிருந்தன்" என்றாள் வாகினி. சொல்லும்போதே அது எவ்வளவு முட்டாள்தனமான சொல் என்று அவள் காதுக்கே கேட்டது. பதினொரு வருசமாக ஊரே சொல்கிற சொல். ஒருதரம்கூட அப்படிக் கேட்டதில்லை.

"ஏன் எம்பேர மொதல்ல போட்ட? அதச் சொல்லு."

வாகினியிடம் இதற்கு மூன்று பதில்கள் இருந்தன, மூன்றும் நல்ல பதில்கள், எந்த மேடையிலும் நிற்கும். நாலாவதாகவும் ஒரு பதில் இருந்தது, அதை அவள் தனக்கே சொன்னதில்லை. பக்கத்தில் ஒரு கண், தேங்காய் அளவில், இமைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தோட்டத்துப் பிள்ளையின்ட பேர் முதல்ல இருந்தா எடுபடும் எண்டு நினைச்சன். எதிர்த்துக் கதைக்க எல்லாருக்கும் வெக்கமா இருக்கும் எண்டு. உன்னைக் கேக்கேல்ல. பேனையைத் தந்தன், நீ வச்சாய்."

"கொடிக்கம்பு மாதிரி."

"ஓம்."

"கம்பத்தானே மொதல்ல புடுங்குவாங்க."

"ஓம்." வாகினி அழுதாள். விதியாவது பலகையாவது. "என்னை மன்னிச்சுக்கொள் சுதா. வேற சொல்லுத் தெரியேல்ல. மன்னிச்சுக்கொள்."

"ஐயோ, சொல்லிப்போட்டாளே!" என்று கிருபைராசா தலையில் கை வைத்தார். அவ்வளவு பெரியதை ஐந்து நிமிடம் முழுசாகப் பார்க்கவில்லையே என்ற கவலை அவருக்கு.

திமிங்கிலம் இறங்கவில்லை.

மன்னிப்புக் கேட்பதற்கும் அது கிடைப்பதற்கும் நடுவில் ஒரு தூரம் இருக்கிறது என்பதை அந்த ஊர் கண்டதே இல்லை. கடலில் சண்டை பிடித்தவர்கள் களைத்துப்போய், பசித்துப்போய், ஒருவர் சொல்ல மற்றவர் உடனே தலையாட்டிவிடுவார்கள், திமிங்கிலம் இறங்கிவிடும், அந்தச் சொல்தான் இறக்கியது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். இப்போது சொல் விழுந்துவிட்டது, ஜெயசுதா தலையாட்டவில்லை, திமிங்கிலமும் போகவில்லை. தான் மன்னிக்கப்படவில்லை என்பதை இவ்வளவு பெரிய எழுத்தில் யாரும் யாருக்கும் எழுதிக் காட்டியிருக்கமாட்டார்கள்.

கிருபைராசா வள்ளத்தைத் திருப்பினார். அது பின்னால் வந்தது. கற்பார்ப் பாறைத்திட்டைத் தாண்டியது, மிதவையைத் தாண்டியது, எந்தத் திமிங்கிலமும் நுழையாத குடாவுக்குள் நுழைந்தது. வள்ளம் இறங்குதுறையில் கட்டப்பட்டபோது, தோணிகள் நிற்கும் ஆழத்தில் அது வந்து நின்றது. வயிற்றுக்கு அடியில் மணல் கலங்கித் தண்ணீர் பழுப்பானது. கடல் நீர் இறங்கும் மாலை வற்றுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம்தான் இருந்தது.

ஊர் கூடிவிட்டது. என்ன நடந்தது என்று கிருபைராசா ஒருவருக்குச் சொன்னார், பத்து நிமிடத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. அதிசயத்தைப் பார்த்து வாய் பிளந்தவர் ஒருவருமில்லை. எல்லாரும் நேரே விசயத்துக்கு வந்தார்கள்.

படகுச் சங்கத் தலைவர் செல்வரெத்தினம்தான் முதலில் பேசினார். "தங்கச்சி, வாகினி பிழைதான், நாங்கள் ஒத்துக்கொள்ளுறம். ஆனா வத்துக்கு முதல் இது போகாட்டி மணலில ஏறிச் செத்துப்போகும். நீங்க ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"வாயில்லாச் சீவன், பிள்ளை" என்றாள் இறால் வடை சுடுகிற யோசப்பின் அக்கா, ஈரக் கையோடு. "அதுக்காகவாவது."

"ஒரு தலையாட்டு, காணும்!" என்று பின்னாலிருந்து யாரோ.

"படிச்ச பிள்ளைதானே!"

"முன்னுக்கு வா தங்கச்சி, முன்னுக்கு வந்து அதுக்கு விளங்குற மாதிரிச் சொல்லு!"

ஜெயசுதா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள் அன்றைக்கு. இன்றைக்கு ஐநூறு பேர். முகம் வெளுத்து, "எனக்கு அது மேல பாவமாத்தான் இருக்குங்க" என்று தொடங்கினாள், முடிக்க வரவில்லை.

வாகினி அவளுக்கு முன்னால் வந்து, கூட்டத்தைப் பார்த்து நின்றாள். உயிர்காப்பு அங்கியைக் கழற்றக்கூட மறந்திருந்தாள்.

"அவள் முன்னுக்கு வரத் தேவையில்லை. என்ன கதைக்கிறதெண்டாலும் என்னோட கதையுங்கோ."

"உன்னோட கதைச்சு என்ன பிள்ளை, மன்னிக்கவேண்டியது அவ அல்லவா?"

"மன்னிக்கவேண்டியது எண்டு ஆர் சொன்னது? எந்தப் பலகையில எழுதியிருக்கு? நீங்க எழுதின பலகையில இருக்கிறது மன்னிப்புக் கேக்கக் கூடாது எண்டு. பதினொரு வருசமா அந்தச் சொல்லைக் கடலில ஆரும் சொல்லக் கூடாது எண்டு பாத்துக்கொண்டனீங்கள், இப்ப உங்கட கரைக்கு ஒரு ஆபத்து வந்தோடன அதே சொல்லை இவளட்டப் பிடுங்கப் பாக்கிறீங்கள். ஒரு சொல்லுத்தானே எண்டு சொல்லுறீங்கள், தலைவர். ஒரு சொல்லுத்தான் எண்டா, அந்தா நிக்கினம் கணபதிப்பிள்ளையின்ட மகன்மார், அவையளை ஏன் இவ்வளவு நாளும் அதைச் சொல்லவிடேல்ல? மூத்தவரின்ட மகளின்ட கலியாணத்தில இளையவர் வாசலுக்கு வெளியில நிண்டு சாப்பிடாமப் போனவர். நாங்க எல்லாரும் பாத்துக்கொண்டுதானே சாப்பிட்டனாங்கள்? நானும் சாப்பிட்டனான்!"

செல்வரெத்தினம் இருமினார். "அது வேற கதை..."

"ஒரே கதைதான். இவளை ஒரு தரம் ஒரு அறைக்குள்ள விட்டுத் தலையாட்டு எண்டு கேட்டவங்கள். கேக்க வச்சது நான். இனி ஒரு இடத்திலயும் ஆரும் இவளைத் தலையாட்டச் சொல்லக் கூடாது. திமிங்கிலத்துக்காகவும் கூடாது. எனக்காகவும் கூடாது. அவள் ஆறரை பஸ்ஸுக்கு என்னை மன்னிக்காமலே போகலாம், நான் போய்ப் பஸ் ஏத்திவிடுவன். உங்களுக்குத் திமிங்கிலத்தில அவ்வளவு பாசம் எண்டா வாளியையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வாங்கோ, வெட்டி வழி விடுவம். அது எங்கட வேலை. அவளின்ட வேலை இல்லை."

அந்த ஊர் கரையில் வைத்து ஒரு சண்டையைக் கேட்டுப் பதினொரு வருசம். எப்படி நிற்க வேண்டும், கையை எங்கே வைக்க வேண்டும் என்று பலருக்கு மறந்திருந்தது. கணபதிப்பிள்ளையின் மூத்த மகன், நரைத்த தலையைச் சொறிந்துகொண்டு, தம்பி நின்ற பக்கம் நாலு அடி நடந்து, "மண்வெட்டி உன்னட்ட ரெண்டு கிடக்குதல்லோ?" என்றார். "கிடக்கு" என்றார் தம்பி. "ஒண்டின்ட பிடி ஆடுது. அது உன்ட." இரண்டு பேரும் ஒரே வீட்டுப் பக்கமாகப் போனார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர் வாளிக்குப் போனார்கள். யோசப்பின் அக்கா சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

திமிங்கிலம் அசையவில்லை.

வாகினி இன்னும் கைகளை விரித்து நின்றுகொண்டிருந்தாள். எதிரில் ஒருவரும் இல்லை, ஆனாலும் கையை இறக்க மறந்திருந்தாள். பின்னால் மணலில் காலடி கேட்டது. முதுகில், அங்கியின் நாடாவில், ஒரு விரல் பட்டது. முடிச்சைத் தேடி, நகத்தால் நெகிழ்த்தி, ஒரு நுனியை இழுத்து, அடுத்த முடிச்சுக்கு இறங்கியது. அந்த விரல்களை வாகினியின் முதுகுக்குத் தெரியும். இரண்டு வருசம் ஒவ்வொரு இரவும் அவளது பின்னலை அவிழ்த்த விரல்கள்.

"கழட்டுடி" என்றாள் ஜெயசுதா. "முதுகெல்லாம் வேர்த்துக் கெடக்குது."

அங்கி மணலில் விழுந்தது.

குடாவில் தண்ணீர் ஒருமுறை அகலமாகப் புரண்டது. வாளியோடு நின்றவர்களின் இடுப்பளவுக்கு ஒரு அலை வந்து, அவர்களைத் தள்ளாடவைத்துவிட்டுப் போனது. அது திரும்பிக்கொண்டிருந்தது, அவசரமில்லாமல், கூட்டமான தெருவில் பெரிய லொறி திருப்புவதுபோல முன்னும் பின்னும் போய், ஒரு தோணியில்கூட முட்டாமல். மிதவைக்கு அப்பால் போய் ஒரு தரம் மூச்சு விட்டது, பிறகு இறங்கிவிட்டது. மண்வெட்டிகளோடு வந்த சகோதரர்கள் வெட்ட ஒன்றுமில்லாமல் நின்றார்கள். சும்மா வந்ததற்கு ஏதாவது செய்யவேண்டுமே என்று போய், இறங்குதுறைப் பலகையைச் சுற்றித் தோண்டத் தொடங்கினார்கள். செல்வரெத்தினம் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

ஆறரை பஸ்ஸில் ஜெயசுதாவுக்கு யன்னல் ஓரம் கிடைத்தது. மடியில் யோசப்பின் அக்கா கட்டிக்கொடுத்த இறால் வடை. வாகினி கீழே நின்று யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளையளுக்கு என்ன சொல்லப்போறாய்?"

"நாலு காம்பரா இல்ல, எட்டுன்னு சொல்லுவேன்."

"எங்க படுக்கும் எண்டு கேட்டா?"

ஜெயசுதா யோசித்தாள். "எடம் பத்தாத எடத்துலயும் வந்து படுக்கும், அப்புறம் போயிரும்னு சொல்லுவேன். அதுங்களுக்குப் புரியும். ஆறு பேரு ஒரே காம்பராவுல படுக்குற புள்ளைகதானே." பிறகு வடைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "நம்பலேன்னா கூட்டிக்கிட்டே வந்துருவேன். அடுத்த சித்திரைக்கு. அதுக்குத்தான் கொஞ்சம் மிச்சம் வச்சிருக்கேன்" என்றாள்.

"என்னத்தை?"

"கோவத்தைத்தான்டி. முழுசாத் தீத்துட்டா அதுங்களுக்கு எதைக் காட்டுறது?"

"மிச்சமோ? எவ்வளவு மிச்சம்?"

"இருக்கு."

"அதெப்படி நீ எனக்குச் சொல்லாம மிச்சம் வைக்கலாம்? இது என்ன நியாயம்? திரும்பவும் ஒரு வருசம் நான் இதை நினைச்சுக்கொண்டு..."

"நீ ரெண்டு வருஷம் வச்சியே!"

"அதுக்குத்தானே நான்..."

"அழுத, ஆமா, அழுதா ஆச்சா? எங்கம்மாகிட்ட யாருடி வந்து சொல்றது?"

"நான் வாறன்! நான் வந்து சொல்லுறன்! எப்ப வர, அதைச் சொல்லு!"

"நீ வந்தா மொதல்ல அவ உன்னைய வாசல்ல நிக்கவச்சுக் கத்துவா!"

"கத்தட்டும்!"

பஸ் நிலையத்தில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இருவரின் குரலும் என்ஜின் சத்தத்துக்கு மேலே போனது. சைக்கிளில் போன ஒருவர், பழக்க தோசத்தில், "பிள்ளையள், கடலுக்கு வையுங்கோ" என்றார்.

"ஏலாது!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில், ஒருத்தி மேலேயிருந்தும் ஒருத்தி கீழேயிருந்தும். பஸ் நகர்ந்தது. வாகினி கம்பியை விடாமல், வாயை மூடாமல், கூடவே ஓடினாள். சந்திவரை ஓடினாள். ஜெயசுதா தலையை வெளியே நீட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாக, லயம் முழுவதும் கேட்கிற குரலில் அவளுக்குப் பதில் கத்திக்கொண்டே போனாள்.